வட்டி எப்போது அசலில் சேரும்? செட்டிநாட்டில் முதல் டெபாசிட்டும் முதல் நகைக்கடனும் போடுபவர்களுக்கு

செட்டிநாட்டில் பிறந்தவனுக்கு வட்டிக் கணக்கு தானாக வந்துவிடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். உள்ளூர் வங்கிக் கவுண்டர்களிலும் அப்படித்தான் நினைக்கிறார்கள் போலும். யாரும் எதையும் விளக்குவதில்லை. சென்னையிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்துவிட்டு, அப்பா காலத்துக்குப் பிறகு அம்மாவின் பணத்தைக் கவனிக்க ஊர் திரும்புகிறவர்கள் உண்டு. பங்காளிகளுக்குப் பொதுவான பூர்வீகப் பங்கு வீட்டை விற்று முதன்முறையாகப் பெரிய தொகையைக் கையில் வாங்குகிறவர்களும் உண்டு. அவர்களுக்காக இதை எழுதுகிறேன். அம்மாவுக்காகவும் அப்பத்தாவுக்காகவும் காரைக்குடியில் இந்த வரிசைகளில் நின்று, ஒவ்வொரு மேசையாக அலைந்து தெரிந்துகொண்டவை இவை.

எல்லோரும் “எத்தனை சதவீதம்?” என்று கேட்கிறார்கள். அது இரண்டாவது கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, “வட்டி எப்போது அசலில் சேரும்?” என்பது. போடும் பணத்துக்கும் வாங்கும் கடனுக்கும் அதே கேள்விதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வட்டி விகிதம் அடிக்கடி மாறும். அதனால் கீழே உள்ள கணக்குகளில் 7 சதவீதம் என்று வைத்திருப்பது உதாரணத்துக்காக மட்டுமே. நீங்கள் போகும் நாளில் இருக்கும் விகிதத்தைக் கேட்டு மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

1. எல்லா வட்டியையும் ஆண்டு வட்டியாக மாற்றுங்கள்

வங்கி ஆண்டுக் கணக்கில் பேசும். கடைத்தெரு மாதக் கணக்கில் பேசும். ஒருவர் “ஒரு ரூபாய் வட்டி” என்பார், இன்னொருவர் “ஒரு பைசா வட்டி” என்பார். இரண்டும் ஒன்றுதான்: நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய், அதாவது ஒரு ரூபாய்க்கு மாதம் ஒரு பைசா. ஆண்டுக்கு 12 சதவீதம். “ரெண்டு வட்டி” என்றால் 24 சதவீதம். காதுக்கு இரண்டு சின்ன எண்ணாகவும் வங்கி சொல்லும் 9 பெரிய எண்ணாகவும் கேட்கும். அந்த மயக்கத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

ரெண்டு வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கி, மூன்று ஆண்டுகள் ஒரு காசும் கட்டவில்லை என்று வையுங்கள். தனிவட்டி என்றால் வட்டி ரூ.72,000. மாதாமாதம் வட்டியை அசலில் சேர்த்தால் மொத்தக் கடன் ரூ.2,03,989. அதாவது வட்டி மட்டும் அசலைத் தாண்டிவிடுகிறது.

இதில் இன்னொரு கண்ணி முன்வட்டி. ஒரு லட்சத்துக்கு எழுதி வாங்கிக்கொண்டு, ஓராண்டு வட்டி ரூ.24,000-ஐ எடுத்துக்கொண்டு ரூ.76,000 தருவார்கள். உங்கள் கைக்கு வந்தது 76,000. அதற்கு நீங்கள் தரும் வட்டி 24,000. உண்மையான விகிதம் 24 அல்ல, ஏறத்தாழ 31.6 சதவீதம். கந்துவட்டி, மீட்டர் வட்டி வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கிறதே என்ற தைரியத்தில் வாங்கிவிடாதீர்கள். சட்டம் உதவிக்கு வருவதற்குள் வட்டி வந்துவிடும்.

2. வட்டி அசலோடு சேருகிறதா, தனியாக நிற்கிறதா?

பள்ளி அறிவியல் பாடத்தில் இரும்புத் தூளும் கந்தகமும் வருமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சும்மா கலந்தால் அது கலவை. காந்தத்தைக் காட்டினால் இரும்பு தனியாக வந்துவிடும். சூடாக்கினால் இரும்பு சல்பைடு என்ற சேர்மம் ஆகிவிடும்; பிறகு காந்தத்துக்கு அங்கே வேலை இல்லை. தனிவட்டியில் அசல் ஒரு பக்கம், வட்டி ஒரு பக்கம். கூட்டுவட்டியில் வட்டி அசலாகவே மாறிவிடுகிறது. அடுத்த வட்டி அதற்கும் சேர்த்துத்தான்.

ஒரு லட்சம் ரூபாய், 7 சதவீதம், ஐந்து ஆண்டுகள்:

தனிவட்டி என்றால் முடிவில் ரூ.1,35,000.
ஆண்டுக்கு ஒருமுறை அசலில் சேர்ந்தால் ரூ.1,40,255.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்தால் ரூ.1,41,478.
மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்தால் ரூ.1,41,763.

தனிவட்டியிலிருந்து கூட்டுவட்டிக்கு வரும்போதுதான் பெரிய தாவல். காலாண்டிலிருந்து மாதத்துக்கு மாறினால் ஐந்து ஆண்டுகளில் கிடைப்பது 285 ரூபாய். “எங்களிடம் மாதக் கூட்டுவட்டி” என்று யாராவது பெருமையடித்தால், அந்த 285 ரூபாய்க்காகப் பெயர் தெரியாத இடத்தில் பணத்தைப் போடாதீர்கள்.

இதை நீங்களே கைபேசியில் போடலாம். காலாண்டுக் கணக்குக்கு ஆண்டு வட்டியை நான்கால் வகுங்கள்: 7-க்கு 1.75. நூற்றில் அது 0.0175, ஒன்றைக் கூட்டினால் 1.0175. ஐந்து ஆண்டுகளில் 20 காலாண்டுகள், ஆகவே 1.0175-ஐ 20 முறை பெருக்கி, அசலால் பெருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் படித்ததுதான். பணம் எத்தனை ஆண்டில் இரட்டிக்கும் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால், 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்துவிடுங்கள். 7 சதவீதத்துக்குப் பத்து ஆண்டும் கொஞ்சமும் வரும். ரெண்டு வட்டிக் கடனுக்கு 72-ஐ 24-ஆல் வகுத்தால் மூன்று. மேலே பார்த்த கணக்கு அப்படித்தான் இரட்டித்தது.

விளம்பரப் பலகையில் ஒரு சாமர்த்தியம் நடக்கும். மேலே சொன்ன காலாண்டுக் கணக்கில் ஐந்து ஆண்டு வட்டி ரூ.41,478. அதை ஐந்தால் வகுத்து, “ஆண்டு வருவாய் 8.30 சதவீதம்” என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அது வட்டி விகிதம் அல்ல. இரண்டு இடங்களை ஒப்பிடும்போது ஒன்றில் விகிதத்தையும் மற்றொன்றில் இந்தச் சராசரியையும் வைத்து ஒப்பிட்டுவிடாதீர்கள். “ஒரு லட்சம் போட்டால் முதிர்வு நாளில் கையில் எவ்வளவு?” என்று மட்டும் இரண்டு இடத்திலும் கேளுங்கள்.

3. ஆவணங்கள்: முதல் வேலை பெயரை ஒன்றாக்குவது

நேரம் தின்னும் இடம் இதுதான். தேவைப்படும் தாள்கள் என்னவோ கொஞ்சம்: ஆதார், பான் அட்டை, புகைப்படம், சேமிப்புக் கணக்கின் பாஸ்புக். பான் இல்லாவிட்டால் அதற்கான உறுதிமொழிப் படிவம் உண்டு. ஆனால் பான் இல்லாமல் வட்டி வாங்கினால் வரிப்பிடித்தம் இரட்டிப்பாகும், அதைக் கீழே சொல்கிறேன்.

சிக்கல் தாள்களில் இல்லை, அவற்றிலுள்ள பெயரில். நம் பக்கத்தில் பெயருக்கு முன்னால் விலாச எழுத்துகள், அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள், மூன்றும் நான்கும் வரும். பழைய பாஸ்புக்கில் அவ்வளவும் இருக்கும். ஆதாரில் ஒற்றை எழுத்து இருக்கும். பான் அட்டையில் முதலெழுத்தை விரித்து அப்பா பெயர் முழுதாக இருக்கும். திருமணமான பெண்களுக்கு ஓர் ஆவணத்தில் அப்பா எழுத்து, இன்னொன்றில் கணவர் எழுத்து. கணினிக்கு ஆச்சியின் பரம்பரை தெரியாது. மூன்று பெயரையும் மூன்று ஆட்கள் என்றே அது எடுத்துக்கொள்ளும். ஒரு கிளையில் என் அம்மாவின் தாள்களைப் பார்த்துவிட்டு, “இதில் நீங்கள் யார், ஆச்சி?” என்று நிஜமாகவே கேட்டார்கள். அம்மாவுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை.

வழி இது. பான், ஆதார் இரண்டையும் மேசையில் வையுங்கள். எந்தப் பெயர் வடிவம் இனி நிலையாக இருக்கப்போகிறது என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். பிறகு ஆதார், அதன்பின் பான், கடைசியில் வங்கி என்ற வரிசையில் திருத்துங்கள். தலைகீழாகப் போனால் ஒரே வேலையைத் திரும்பச் செய்ய நேரும். ஆதார் மையத்தில் பெயர், முகவரித் திருத்தத்துக்கு 2025 அக்டோபர் முதல் கட்டணம் ரூ.75. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒருமுறைதான். ஆகவே அவசரத்தில் ஒரு முறையை வீணாக்காதீர்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திரையில் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். திருத்தம் வந்து சேர ஒரு மாதம் ஒதுக்கிக்கொள்வது நல்லது. டெபாசிட் போட நல்ல நாள் குறித்துவிட்டு அதற்கு முந்தின வாரம் திருத்தத்துக்குப் போகிறவர்களுக்கு என் அனுதாபங்கள்.

கையெழுத்தும் கவனம். வயதானவர்களுக்குக் கை நடுங்கி, பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகாது. புதிய கையெழுத்தைப் பதிய முதலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். கைநாட்டு என்றால் வங்கியாளர் முன்னிலையில், சாட்சியோடு வைக்க வேண்டியிருக்கும். ஆள் நேரில் வந்தாக வேண்டும்.

மாதத்தின் முதல் வாரத்தில் ஓய்வூதியக் கூட்டம் இருக்கும். நடு மாதத்தில், காலையில் கதவு திறந்தவுடன் போய்விடுங்கள்.

4. வங்கி டெபாசிட்: படிவத்தில் நான்கு இடங்கள்

படிவம் நீளமானது, அதில் நான்கு இடங்கள்தான் பணத்தைத் தீர்மானிப்பவை.

முதல் இடம், வட்டி எப்படி வேண்டும் என்பது. முதிர்வில் மொத்தமாகவா, மாதாமாதமா, காலாண்டுக்கு ஒருமுறையா? முதிர்வில் என்று குறித்தால் மட்டுமே வட்டி அசலில் சேரும். மற்றவற்றில் வட்டி சேமிப்புக் கணக்குக்குப் போய்விடும். ஐந்து ஆண்டானாலும் அசல் அப்படியே நிற்கும். மாதச் செலவுக்குப் பணம் வேண்டிய அப்பத்தாவுக்கு மாத வட்டிதான் சரி, அதில் தவறில்லை. ஆனால் கூட்டத்தில் நிற்கும் உங்களிடம் கேட்காமலே கவுண்டருக்குள் இருப்பவர் ஏதோ ஒன்றில் டிக் போட்டுத் தந்துவிடுவார். பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். மாத வட்டி கேட்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம்: ஒரு லட்சத்துக்கு 7 சதவீதம் என்றால் மாதம் 583 ரூபாய் வரும் என்று கணக்குப் போடுவீர்கள். வருவது 580. காலாண்டு முடியும் முன்பே வட்டியை வாங்குவதால் அந்த மூன்று ரூபாயைக் கழித்துவிடுகிறார்கள். அதற்காகச் சண்டை போட வேண்டாம்.

இரண்டாவது, முதல் பெயர். 60 வயது கடந்தவர்களுக்குப் பெரும்பாலான வங்கிகள் கூடுதல் வட்டி தருகின்றன. வழக்கமாக அரை சதவீதம். கூட்டு டெபாசிட்டில் முதல் பெயர் மூத்தவருடையதாக இருந்தால்தான் அது கிடைக்கும். வருமான வரிப் பிடித்தமும் முதல் பெயரில்தான் வரும். “இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்” என்ற முறையைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவது, நியமனதாரர் (நாமினி). 2025 நவம்பர் 1 முதல் வங்கி டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். பிள்ளைகள் நால்வர் இருக்கிற வீட்டில் இதுவரை இருந்த மனக்கசப்பில் பாதி இதிலேயே தீரும். நியமனதாரர் பணத்தை வாங்கிக் கொடுக்கிறவர்தான், அதனாலேயே அவர் ஒரே வாரிசு ஆகிவிடுவதில்லை என்பதையும் வீட்டில் சொல்லிவைப்பது நல்லது.

நான்காவது, முதிர்வு நாளில் என்ன செய்வது என்பது. தானாகப் புதுப்பிக்க வேண்டாம் என்றால் அதை எழுதுங்கள். எதுவும் சொல்லாமல் முதிர்ந்து கிடக்கும் பணத்துக்குச் சேமிப்புக் கணக்கு வட்டி, ஒப்பந்த வட்டி இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும்.

தொகையைப் பற்றி ஒரு கணக்கு. வங்கி நொடித்துப் போனால் டெபாசிட் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் ரூ.5 லட்சம் வரை. அது அசலும் வட்டியும் சேர்ந்த தொகை. ஆக ஐந்து லட்சத்தையே போட்டால், சேரும் வட்டி முழுக்கக் காப்பீட்டுக்கு வெளியே நிற்கும். 7 சதவீதத்தில் ஐந்து ஆண்டுக்கு ரூ.3.5 லட்சம் போட்டால் முதிர்வில் ரூ.4,95,000 சொச்சம் வரும், வரம்புக்குள் அடங்கிவிடும். மிச்சத்தை வேறொரு வங்கியில் போடுங்கள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கும் தனியார் நிதி நிறுவனங்களுக்கும் இந்தக் காப்பீடு கிடையாது.

ஒரே வங்கியில் போடும் தொகையையும் ஒரே ரசீதாகப் போடாமல், லட்சம் லட்சமாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தால் மற்றவை அப்படியே வளரும்.

5. அஞ்சலகம்: இங்கே பெயர்கள் ஏமாற்றும்

அஞ்சலகத்தில் ஐந்தாண்டுக் காலவைப்பு போட்டால் வங்கியைப் போலவே ஐந்து ஆண்டும் வட்டி குட்டி போடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வட்டியைக் காலாண்டாகக் கணக்கிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை கொடுத்துவிடுவார்கள். நீங்கள் எடுக்காமல் விட்டால் அந்த வட்டிக்கு வட்டி கிடையாது. அதே 7 சதவீதம் என்று வைத்தால், ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு ரூ.7,186, ஐந்து ஆண்டில் ரூ.35,930. வங்கியில் முதிர்வு வட்டி முறையில் வந்தது ரூ.41,478. ஆகவே அந்த ஆண்டு வட்டி தானாகவே சேமிப்புக் கணக்குக்குப் போகும்படி எழுதிக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து வேறு எதிலாவது போடுங்கள்.

வட்டி அசலில் சேர வேண்டும் என்றால் அஞ்சலகத்தில் கேட்க வேண்டியது தேசியச் சேமிப்புப் பத்திரம். ஐந்தாண்டு, ஆண்டுக்கு ஒருமுறை வட்டி சேரும், முதிர்வில் மொத்தமாக வரும். குறைந்தது ரூ.1,000. ஆனால் இடையில் உடைக்க முடியாது. உரியவர் இறந்தாலோ நீதிமன்றம் சொன்னாலோ போன்ற சில நிலைகள்தான் விலக்கு. பெண் கல்யாணத்துக்கு மூன்றாம் ஆண்டில் தேவைப்படும் பணத்தை இதில் போட்டுவிட்டுப் புலம்பாதீர்கள்.

மாதம் சேமிப்பவர்களுக்குத் தொடர்வைப்பு. மாதம் ரூ.100-இலிருந்து தொடங்கலாம், 60 தவணை, காலாண்டுக் கூட்டுவட்டி. மாதத்தின் 15-ஆம் தேதிக்குள் தொடங்கியவர்கள் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும். பிறகு தொடங்கியவர்களுக்கு மாதக் கடைசி வரை நேரம் உண்டு. தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். தொடர்ந்து நான்கு தவணை தவறினால் கணக்கு நின்றுவிடும். சம்பளம் பத்தாம் தேதிக்கு மேல் வரும் என்றால், கணக்கை 16-ஆம் தேதி போய்த் தொடங்குங்கள். யாரும் சொல்லித் தராத ஒரே தந்திரம் இது.

பொது வருங்கால வைப்புநிதியில் (பி.பி.எஃப்.) கவனிக்க வேண்டியது 5-ஆம் தேதி. 5-ஆம் தேதி முடியும்போது இருக்கும் இருப்பு, மாதக் கடைசி இருப்பு இரண்டில் குறைந்ததற்குத்தான் அந்த மாத வட்டி. ஆறாம் தேதி கட்டினால் அந்த மாதம் போனது. ஆண்டுத் தொகையை மொத்தமாகக் கட்டுபவர்கள் ஏப்ரல் 5-க்குள் கட்டிவிட்டால் முழு ஆண்டுக்கும் வட்டி.

வெளிநாட்டில் குடியிருப்பவர்கள் இவற்றைத் தங்கள் பெயரில் புதிதாகத் தொடங்க முடியாது. மலேசியாவிலிருந்து விடுமுறைக்கு வந்த பையன் பெயரில் பத்திரம் வாங்கிவிடலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். அம்மா பெயரில் வாங்கி, பையனை நியமனதாரராகப் போடுங்கள்.

6. வரி: கையில் வராத வட்டிக்கும் கணக்கு உண்டு

முதிர்வில்தானே பணம் வருகிறது, வரியும் அப்போதுதான் என்று நினைப்பது இயல்பு. வங்கி அப்படி நினைப்பதில்லை. அசலில் சேர்ந்த வட்டியையும் அந்தந்த ஆண்டு வருமானமாகவே எடுத்துக்கொள்ளும். ஒரே வங்கியில் ஆண்டு வட்டி ரூ.50,000-ஐத் தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள்; 60 வயது கடந்தவர்களுக்கு வரம்பு ரூ.1 லட்சம். இவை 2025 ஏப்ரல் முதல் உள்ள வரம்புகள். பான் தராதவர்களுக்குப் பிடித்தம் 20 சதவீதம். 7 சதவீதக் கணக்கில் ஏறத்தாழ ஏழு லட்சம் போட்டிருந்தால் முதல் வரம்பைத் தொடுவீர்கள்.

இந்தப் பிடித்தம் வட்டியிலிருந்தே போவதால், அசலில் சேரும் தொகை குறைந்து முதிர்வுத் தொகையும் ரசீதில் அச்சிட்டதைவிடக் குறையும். “வங்கிக்காரன் குறைத்துவிட்டான்” என்று வருகிற சண்டைகளில் பல இந்த வகை. ஆண்டு வருமானத்துக்கு வரியே வராது என்பவர்கள், வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவத்தை ஒவ்வொரு ஏப்ரலிலும், பணம் போட்ட ஒவ்வொரு வங்கியிலும் கொடுக்க வேண்டும். சென்ற ஆண்டு கொடுத்தது இந்த ஆண்டுக்குச் செல்லாது. கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி ரசீதோடு வையுங்கள்.

7. இடையில் உடைப்பது

ஐந்தாண்டுக்குப் போட்டு இரண்டாம் ஆண்டில் உடைத்தால், ஐந்தாண்டு விகிதம் கிடைக்காது. பணம் உண்மையில் இருந்த இரண்டாண்டுக்கு, போட்ட அன்று என்ன விகிதமோ அதுதான். அதிலிருந்தும் பெரும்பாலான வங்கிகள் அரை முதல் ஒரு சதவீதம் கழிக்கும். உடைப்பதற்கு முன், டெபாசிட்டின் பேரில் கடன் கேளுங்கள். டெபாசிட் வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம் கூடுதலாக இருக்கும். தேவை இரண்டு மூன்று மாதம்தான் என்றால் பெரும்பாலும் அதுவே லாபம்.

8. பெட்டகத்தில் கிடைக்கும் பழைய ரசீதுகள்

பங்கு வீட்டைப் பிரிக்கும்போது இரும்புப் பெட்டகத்தில் பழைய ரசீதோ பாஸ்புக்கோ கிடைப்பது இங்கே வழக்கம். செல்லாத தாள் என்று எறியாதீர்கள். பத்தாண்டு கேட்பாரற்றுக் கிடக்கும் டெபாசிட் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்படும். ஆனாலும் உரியவர் அந்த வங்கியிலேயே போய்க் கேட்கலாம். எந்த வங்கி என்று தெரியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் ‘உத்கம்’ இணையதளத்தில் பெயரைக் கொண்டு தேடலாம். விலாச எழுத்துகளோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை, எழுத்துக்கூட்டலை மாற்றி ஒருமுறை என்று தேடுங்கள். கட்டணம் கிடையாது, “கண்டுபிடித்துத் தருகிறேன்” என்று சதவீதம் கேட்கும் தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நியமனதாரர் இருந்தால் இறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் கோரிக்கைப் படிவமும் போதும். இல்லாவிட்டாலும், ரூ.15 லட்சம் வரையிலான தொகைக்கு எளிய நடைமுறை வந்திருக்கிறது. கூட்டுறவு வங்கிகளுக்கு அந்த வரம்பு ரூ.5 லட்சம். தாள்கள் முழுமையாகச் சேர்ந்த 15 நாளுக்குள் வங்கி முடித்துத் தர வேண்டும். தாள்களைக் கொடுத்த தேதியோடு ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். அது இல்லாவிட்டால் அந்த 15 நாள் எப்போது தொடங்கியது என்பதே தகராறாகிவிடும்.

9. நகைக்கடன்: அதே கணக்கு, எதிர்ப்பக்கம்

டெபாசிட்டில் உங்களுக்காக வேலை செய்த கூட்டுவட்டி இங்கே உங்களுக்கு எதிராக வேலை செய்யும். உதாரணத்துக்கு, ஒரு லட்சம் கடன், ஓராண்டு. ஓரிடத்தில் 9 சதவீதம், ஆண்டுக் கடைசியில் கட்டலாம் என்றால் வட்டி ரூ.9,000. இன்னோரிடத்தில் 18 சதவீதம், மாதாமாதம் அசலில் சேரும் என்றால் ரூ.19,562, சொன்ன 18 நடப்பில் 19.56 ஆகிவிடுகிறது. பத்து நிமிடத்தில் பணம் என்று சொல்லும் இடங்களில் அந்தப் பத்து நிமிடத்துக்கும் விலை உண்டு.

போகும் முன் வீட்டிலேயே ஒரு பட்டியல் போடுங்கள்: நகை, எடை, கல் உண்டா, அரக்கு உண்டா. நம் வீட்டுப் பழைய நகைகளில் கல்லும் அரக்கும் தாராளம். மதிப்பீட்டாளர் இரண்டையும் கழித்துவிட்டுத் தங்கத்தின் எடையை மட்டும் எடுப்பார். மதிப்பு அந்த நகையின் உண்மையான காரட் தரத்துக்கு உரிய விலையில்; கடந்த 30 நாள் சராசரி, முந்தைய நாள் விலை இரண்டில் எது குறைவோ அது. அன்றைய கடைத்தெரு விலையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். உரசிப் பார்க்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. டீ குடிக்கப் போய்விடாதீர்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் உள்ள வரம்பு: கடன் ரூ.2.5 லட்சம் வரை என்றால் நகை மதிப்பில் 85 சதவீதம், அதற்கு மேல் ரூ.5 லட்சம் வரை 80, அதற்கும் மேல் 75. ஆண்டுக் கடைசியில் அசலும் வட்டியும் ஒன்றாகக் கட்டும் கடனில், இந்த வரம்பு முடிவில் கட்ட வேண்டிய மொத்தத் தொகைக்கு. நகை மதிப்பு இரண்டு லட்சம், வட்டி 9 சதவீதம் என்றால் உச்ச வரம்பு ரூ.1,70,000, கையில் கிடைப்பது அதிகபட்சம் ரூ.1,55,963. 1,70,000 தருவார்கள் என்று நம்பி ஆசாரிக்கு நாள் சொல்லிவிடாதீர்கள்.

கையெழுத்துக்கு முன் முக்கியத் தகவல் அறிக்கை என்ற தாளைக் கேளுங்கள். சில்லறைக் கடனுக்கு அதைத் தர வேண்டியது அவர்கள் கடமை. வட்டி, மதிப்பீட்டுக் கட்டணம், நடைமுறைக் கட்டணம் எல்லாம் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் ஒரே எண்ணாக இருக்கும். இரண்டு இடத்து எண்களை ஒப்பிட்டால் போதும். வாய்வார்த்தை எதுவும் தேவையில்லை. நிலம் உள்ளவர்கள் சிட்டா, அடங்கல் நகல்களோடு போனால் வேளாண் நகைக்கடன் கிடைக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள். வட்டி குறைவாக இருக்கக்கூடும்.

இனி பெரிய கண்ணி: திருப்பி வைப்பது. ஆண்டு முடிந்ததும், “வட்டி கட்ட வேண்டாம் அண்ணே, புதுக் கடனாக மாற்றிவிடுகிறோம்” என்பார்கள். பழைய வட்டி புதிய அசலில் போய் உட்கார்ந்துகொள்ளும். 9 சதவீதத்தில் இப்படி ஐந்து முறை மாற்றினால் ஒரு லட்சம் ரூ.1,53,862 ஆகிவிடும், ஒரு பைசா புதிதாகக் கைக்கு வராமலே. இப்போதைய விதிப்படி ஆண்டுக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடனைப் புதுப்பிக்க, சேர்ந்த வட்டியைக் கட்டியாக வேண்டும். எனவே கடன் வாங்கிய அன்றே கட்ட வேண்டிய வட்டியைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் அந்தத் தொகையை ஒரு தொடர்வைப்பில் போட்டு வாருங்கள். வட்டித் தொகை ஆண்டுக் கடைசியில் தயாராக இருக்கும். அந்தத் தொடர்வைப்பை ஓராண்டுத் தவணையில் வங்கியில் தொடங்குங்கள், அஞ்சலகத்தில் ஐந்தாண்டு.

அடகுக் கடைக்குப் போவதாக இருந்தால் உரிமம் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அடகுச் சீட்டில் எடை, வட்டி, தேதி மூன்றும் எழுதியிருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் தெரிந்தவர் என்ற நம்பிக்கையில் நகையைக் கொடுத்தால், தகராறு வரும் நாளில் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

கடனை முழுதாகக் கட்டியதும் நகையை அன்றே, அதிகபட்சம் ஏழு வேலை நாளுக்குள் தர வேண்டும். அவர்கள் பக்கத் தவறால் தாமதமானால் நாளுக்கு ரூ.5,000 இழப்பீடு. முகூர்த்தத்துக்கு நகை வேண்டும் என்றால் பத்து நாள் முன்பே கட்டிவிடுங்கள். கவுண்டரிலேயே பொட்டலத்தைப் பிரித்து, பழைய பட்டியலோடு ஒவ்வொன்றாக எடை போடச் சொல்லுங்கள். பெற்றுக்கொண்டேன் என்ற கையெழுத்து அதற்குப் பிறகு.